ஒரு குப்பம், ஒரே ஒரு மின்னஞ்சல்

முனீஸ்வரருக்கு இன்னும் மூக்கு வைக்கவில்லை. மாமல்லபுரத்தில் இறங்கியதும் நான் கேட்ட முதல் செய்தி இதுதான். கிள்ளானிலிருந்து கோயில் குழுவின் சார்பில் வந்து, சிலையைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் ஊர் திரும்புவது என் திட்டம். சிற்பக் கூடத்துக்காரர் கல்தூள் படிந்த நாற்காலியைத் துண்டால் தட்டி என்னை உட்காரவைத்தார். "ரெண்டே நாளும்மா, மூஞ்சி முடிஞ்சிடும்" என்றார். மலேசியாவில் முப்பது வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். "ரெண்டே நிமிஷம்" என்று சாட்சி சொன்னால் அது எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதான் வருவேன் என்று மகனுக்குத் தகவல் அனுப்பக் கிளம்பினேன்.

எங்கள் ஊரில் இணைய மையம் என்றால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளைகள் துப்பாக்கி விளையாட்டு ஆடும் இருட்டறை. இங்கே கடற்கரைக்குப் போகும் சந்தில் வரிசையாக நான்கு மையங்கள். நான்கிலும் வெள்ளைக்காரர்கள். நான் நுழைந்த கடையில் பழைய மஞ்சள் எஸ்.டி.டி. பலகையைக் கழற்றாமல், அதன் மேலேயே 'பிரவுசிங் சென்டர்' என்று காகிதம் ஒட்டியிருந்தார்கள். உள்ளே நான்கு கணினிகள், ஒரு மின்விசிறி. பக்கத்து இருக்கையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தாள். "இல்லம்மா, குரங்கு கடிக்கவில்லை. வயிறு இப்போது தேவலை. தயிர்ச்சோறு என்று ஒன்று இருக்கிறது, அதுதான் என்னைக் காப்பாற்றியது." நியாயமான பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் ஜெயக்குமாருக்கு நாற்பது வயதிருக்கும். பதிவேட்டில் எழுதுவதற்காக என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். மலேசியா என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. "சிங்கப்பூரும்மா, மூணாம் நம்பர் மிசின்ல குந்துங்க" என்றார். அந்த நிமிடம் முதல் அந்த ஊரில் நான் சிங்கப்பூரம்மாதான். மலேசியா, அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று திருத்திப் பார்த்தேன், பயனில்லை.

மறுநாள் ஞாயிறு. தெருமுனைக் கடையில் இட்லிக்கு வடகறி ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்குப் பழகிய எந்த நாக்கும் வடகறிக்கு மயங்கத்தான் செய்யும். மூன்றாவது இட்லியில் இருந்தபோது ஜெயக்குமார் எதிரில் வந்து நின்றார். கூடவே மீன்கூடையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண். நாற்பத்தைந்து வயது, கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் நான்காக மடித்த காகிதம்.

"பசியாறியாச்சா?" என்று எங்கள் ஊர் வழக்கப்படி கேட்டேன். அவள் ஜெயக்குமாரைப் பார்த்தாள். "நாஸ்தா துன்னாச்சான்னு கேக்கறாங்க" என்று அவர் மொழிபெயர்த்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்கு ஒருவர் மொழிபெயர்த்தது அப்போதுதான்.

அவள் பெயர் மல்லிகா. ஊருக்கு வடக்கே இருக்கும் மீனவர் குப்பத்துக்காரி. ஜெயக்குமாருக்கும் அதே குப்பம்தான், அவருடைய அண்ணன் இன்னும் கடலுக்குப் போகிறார். காலையில் ஏலத்தில் மீன் எடுத்து ஓட்டல்களுக்குக் கொடுப்பது மல்லிகாவின் வேலை. மிஞ்சியதைக் குப்பத்து மணலில் காயப்போட்டுக் கருவாடாக்கி விற்பாள்.

"எக்கா, நீங்க கோர்ட்டுல இங்கிலீசு பேசறவங்களாமே. இத்தப் படிச்சி இன்னா கீதுன்னு சொல்லுங்க" என்று காகிதத்தை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அது ஓர் அரசு இணையதளத்திலிருந்து எடுத்த அச்சு. முந்தின வாரம் யாரோ ஒருவர் கடைக்கு வந்து அச்செடுத்தபோது, வரைபடத்தில் தன் குப்பத்தின் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டு ஜெயக்குமார் தனக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறார். கடற்கரையை அழகுபடுத்தும் திட்டத்தின் வரைவு. நடைபாதை, புல்தரை, வண்டிகள் நிறுத்தும் இடம். கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை. குப்பத்துக்கு முன்னால் உள்ள மணலுக்கு நேராக ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். காலி இடம். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் இந்த முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பவும், தபாலில் வருபவை ஏற்கப்பட மாட்டா என்று முடிந்திருந்தது. கடைசி நாள் வியாழன், மாலை ஐந்து மணி.

படித்துச் சொன்னேன். மல்லிகா கூடையைக் கீழே இறக்கினாள்.

"காலி இடமா? என் கருவாடு காயறது அங்கதானே. போட் ஏத்தறது அங்கதானே. வல பின்றது அங்கதானே. எந்தக் கண்ணால பாத்தானாம் காலின்னு?"

இதை நான் ஏன் என் தலையில் போட்டுக்கொண்டேன் என்றால் காரணம் அந்த மூக்கில்லாத முனீஸ்வரர்தான். நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டம் விற்கப்பட்டபோது கோயிலை அகற்றும் அறிவிப்பைத் தோட்டத்து அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதற்கும் முப்பது நாள்தான் தவணை. யாரும் படிக்கவில்லை. தினமும் நீதிமன்றத்தில் ஊரார் அறிவிப்புகளையெல்லாம் வாய் வலிக்க மொழிபெயர்த்த நான், என் கோயிலின் அறிவிப்பைப் பார்க்கவே இல்லை. முப்பத்தோராம் நாள் இயந்திரம் வந்தது. பழைய சிலை இரண்டாக உடைந்தது. இப்போது வேறு இடத்தில் புதுக் கோயில், புதுச் சிலை, அதைப் பார்க்க நான். அந்த வெட்கம் எனக்குள் ஆறவே இல்லை. நாலாவது இட்லியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

திங்கள் பிற்பகல் குப்பத்தில் பஞ்சாயத்து கூடியது. கெங்கையம்மன் கோயில் முன்னால் ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் எவரும் இல்லை. அப்படித்தான் நினைத்தேன். பிறகு பார்த்தால் கரையேற்றிய படகுகளுக்குப் பின்னால் பத்திருபது தலைகள். பஞ்சாயத்தில் பெண்கள் உட்கார மாட்டார்களாம், ஆனால் படகுக்குப் பின்னால் நின்று ஒரு சொல் விடாமல் கேட்பார்களாம். எங்கள் ஊர்க் கோயில் குழுவும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒரு வித்தியாசம், அங்கே பெண்கள் சமையலறைக்குள் நின்று கேட்போம்.

ஊர்த் தலைவர் ஏழுமலை மெலிந்த, உயரமான மனிதர். கடல் வெயிலில் கறுத்த முகம், வெள்ளை மீசை. குரலை உயர்த்தவே இல்லை, ஆனால் அவர் பேசினால் எல்லோரும் அடங்கினார்கள். அந்தக் குப்பத்தில் கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஊருக்கு வரி கட்ட வேண்டும். வரி கட்டுபவனுக்குக் கூட்டத்தில் இடம், பிடிபடும் மீனில் பங்கு, நல்லது கெட்டதில் உரிமை. அதற்குப் பதிலாக ஒரு கட்டுப்பாடு. ஊர் விஷயத்தைப் பற்றி வெளியில் பேசுவதென்றால், போலீசுக்கோ தாலுகா ஆபீசுக்கோ மனு கொடுப்பதென்றால், ஊர்தான் செய்யும், தலைவர் வாய்தான் பேசும். தனியாக மனு எழுதினவனுக்கு அபராதம்.

தலைவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அருமையான கடிதம். "இந்த மணலு எங்க வூட்டு வாசப்படி. வாசப்படி காலியா கீதுன்னு ஒர்த்தன் வந்து வண்டி நிறுத்தினா வூட்டுக்காரன் எப்படி உள்ள போவான்?" என்று ஆரம்பித்தார். நான் அதை ஆங்கிலத்தில் போட்டேன். கீழே நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள், வரி புத்தகத்தில் இருந்த வரிசையில். மாலை ஜெயக்குமார் கடையில் தட்டி, மூன்று முறை சரிபார்த்து, தலைவர் முன்னிலையில் அனுப்பினோம். எனக்கு ஒரே பெருமை. அன்று இரவு வறுத்த சங்கரா மீனை இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

தலைவருக்கு மட்டும் திருப்தி இல்லை. "சீல் இன்னாத்துல குத்துவாங்க? கையில காயிதம் இல்லாம அனுப்பிச்சேன்னு எப்படி நம்பறது?" என்றார். பெரிய வரைபடத்தைச் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் பார்க்கலாம் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. அங்கே போய் ஒரு நகலில் சீல் வாங்கி வரும் வேலை எனக்கும் மல்லிகாவுக்கும் வந்தது.

செவ்வாய்க்கிழமை பேருந்து திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிக் கீழே குனிந்து பார்த்தார். நடத்துநரும் குனிந்து பார்த்தார். பிறகு பயணிகளில் பாதிப் பேர் இறங்கி முறை வைத்துக் குனிந்து பார்த்தார்கள். எங்கள் ஊரில் பேருந்து நின்றால் எல்லோரும் கைப்பேசியை எடுத்துத் திட்ட ஆரம்பிப்போம். இங்கே அது ஒரு சின்னத் திருவிழாவாகிவிட்டது. ஒருவர் வெள்ளரிப்பிஞ்சு விற்க வந்தார். "பேஜாரு புட்ச்ச வண்டி" என்று மல்லிகா ஒரு பிஞ்சைக் கடித்தாள். கடைசியில் ஒரு பகிர்வு ஆட்டோவில் பதினொரு பேராக, என் ஒரு கால் வெளியிலும் மறு கால் யாருடைய மடியிலோ இருக்க, செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தோம்.

அலுவலகத்தில் ஒரு பெண் எழுத்தர். திருநெல்வேலிக்காரர் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது. எரிந்து விழுவார் என்று தயாராகப் போன எனக்கு ஏமாற்றம். தண்ணீர் கொடுத்தார், நாற்காலி இழுத்துப் போட்டார், எங்கள் கடிதத்தைக் கணினியில் தேடி எடுத்து முழுவதும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கியம்மா. ஆனா ஒண்ணு சொல்லுதேன், மனசு விட்றாதிய. இது ஒரு ஆட்சேபம்தான்."

"கீழே நூறு பேருக்கு மேல் இருக்கிறார்களே" என்றேன்.

"முன்னாடி மனுன்னா கையெழுத்த எண்ணுவோம். இப்போ கம்ப்யூட்டர் எண்ணுது. அது மெயிலத்தான் எண்ணும், பேர எண்ணாது. ஒரு மெயில் ஐடிக்கு ஒரு ஆட்சேபம்." குரலைத் தாழ்த்தி, "திட்டம் வேணும்னு ஒரு ஓட்டல்ல வேல பாக்குதவங்க ஆளுக்கொரு மெயில் போட்டிருக்காவ. அது அம்பதுக்கு மேல போயிட்டு" என்றார்.

திரும்பும் வழியில் பேருந்து ஒழுங்காக ஓடியது. அதைக்கூட மல்லிகா கவனிக்கவில்லை. எனக்கோ என்மேலேயே கோபம். சட்டம் தெரிந்தவள் என்று நம்பி என்னிடம் கொடுத்தார்கள். ஒரு குப்பத்தையே ஒரு மெயிலுக்குள் அடைத்து, அதற்குப் பெருமைப்பட்டு மீன் வேறு தின்றிருக்கிறேன்.

புதன் காலை முனீஸ்வரருக்கு மூக்கு வந்திருந்தது. நின்று ரசிக்கப் பொறுமையில்லை. குப்பத்தில் தலைவர் ஐந்தாறு பேருடன் வலைக்குப் பக்கத்தில் இருந்தார். விஷயத்தைச் சொல்லி, ஆளுக்கொரு மின்னஞ்சல் அனுப்பினால்தான் எண்ணிக்கை வரும் என்றேன். அவர் தலையை ஆட்டினார், சம்மதமாக அல்ல.

"அம்மா, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா ஆளாளுக்கு எழுத உட்டா, நாளைக்கு ஒர்த்தன் ஓட்டல்காரன்கிட்ட துட்ட வாங்கிகினு 'எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல'ன்னு எழுதுவான். இத்தினி வருசமா இந்த மணல்ல வெளியாளு ஒரு கல்லு நட முடியல. ஏன்? ஊரு ஒரே வாயி. அத நானே ஒடச்சா அப்பால ஒட்டாது."

அவர் சொன்னது பிடிவாதம் இல்லை. அந்த ஒரே வாய்தான் அவர்களை அதுவரை காப்பாற்றியிருக்கிறது. எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு வாய் இருந்திருந்தால் சிலை உடைந்திருக்காது. கூட நின்ற ஜெயக்குமார் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் வரிக்காரர்.

மல்லிகா படகுக்குப் பின்னாலிருந்து வந்தாள். வலைக்கு இந்தப் பக்கம், ஆண்கள் இருந்த இடத்துக்கே வந்து நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். வரி புஸ்தகத்துல எம் பேரு கீதா?"

"பொம்பளைங்க பேரு எப்படி இருக்கும்? ஒன் வூட்டுக்காரன் பேரு கீது."

"முந்தாநாளு அனுப்பிச்ச மெயில்ல எம் பேரு கீதா?"

"அது வரி புஸ்தகத்தப் பாத்து எழுதினதுதானே."

"அப்போ கட்டுப்பாடு வரிக்காரங்களுக்குத்தானே மாமா? புஸ்தகத்துலயே இல்லாதவளுக்கு எந்தப் பக்கத்தத் தொறந்து அபராதம் எழுதுவீங்க?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவள் என்ன கேட்டாள் என்று புரிந்து சிரிப்பை நிறுத்தினார்கள். முப்பது வருடத்தில் எத்தனையோ வழக்கறிஞர்களின் வாதத்தை மொழிபெயர்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான வாதம் அபூர்வம். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, அடக்கிக்கொண்டேன்.

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"என்ன சொல்லிவிட்டுப் போகிறார்?" என்று கேட்டேன்.

"இல்லேன்னு சொல்லல எக்கா. அது போதும்."

வியாழன் காலை ஒன்பது மணிக்குப் பிரவுசிங் சென்டர் வாசலில் மீன்கூடைகள் வரிசையாக இருந்தன. கூடைக்குப் பின்னால் பெண்கள். உள்ளே இருந்த ஒரு வெள்ளைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்கே ஏதாவது பண்டிகையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "தேர்தல்" என்று சொல்லி அவரை வெளியேற்றினேன். ஜெயக்குமார் நான்கு கணினிகளையும் எங்களுக்கே விட்டார். "நான் மிசின்தான் வாடகைக்கு உட்றேன். மெயிலு நான் அனுப்பல" என்று வாசலைப் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டார்.

ஆளுக்கொரு முகவரி உண்டாக்க வேண்டும். அது நான் நினைத்ததைவிடப் பெரிய பாடு. கடவுச்சொல் என்ன வைக்கலாம் என்று கேட்டால் எல்லோரும் கெங்கையம்மன் என்றார்கள். எல்லோருக்கும் ஒரே சாவி கூடாது என்று ஜெயக்குமார் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன், அம்மன் ஒண்ணுதானே?" என்றாள் ஒருத்தி. மறந்துவிட்டால் நினைவூட்ட ஒரு கேள்வி, உங்கள் முதல் பள்ளிக்கூடத்தின் பெயர் என்ன என்று திரை கேட்டது. வரிசையில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, கோணலாகக் கிடக்கும் எழுத்துகளைப் பார்த்துத் தட்ட வேண்டும். "இன்னாடி இது, குட்ச்சிட்டு எழுதினாப்ல கீது" என்று மல்லிகா திரைக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.

ஒரே கடிதத்தை எல்லோருக்கும் ஒட்டி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் விடவில்லை. என்னுடையதில் நெத்திலி என்று போடு, என்னுடையதில் மழைக்காலத்தில் வலையை எங்கே வைப்பேன் என்று கேள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் தட்டினேன். கடற்கரை சுத்தமாக இருப்பது தனக்கும் பிடிக்கும், நடைபாதையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் தானும் நடப்பேன் என்று ஒருத்தி எழுதச் சொன்னாள். அதையும் எழுதினேன். நடுவில் மின்சாரம் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வறுத்த காரப்பொடி மீனும் சோறும் வந்தன. என் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட நல்ல மதியச் சாப்பாடுகளில் அது ஒன்று.

நாலரை மணிக்குத் தலைவர் வாசலில் வந்து நின்றார். அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் குப்பம்மாள், தலைவரின் மனைவி. அவர் சொன்னதை நான் தட்டி முடித்திருந்தேன், இன்னும் அனுப்பவில்லை.

தலைவர் மனைவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இது இன்னா எழுதிச்சி? தமிழ்ல படிங்க."

குப்பம்மாளைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். படித்தேன்.

"என் பெயர் குப்பம்மாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த மணலில் கருவாடு காயவைக்கிறேன். சுனாமி வந்த அன்று எங்கள் பெண் மீன் புரட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் அந்த இடத்திலேயே அவளை எடுத்தோம். நீங்கள் அதைக் காலி இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நான் தினமும் போகிறேன். அது காலியாக இல்லை."

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் அழக்கூடாது என்பது முதல் பாடம். நான் அழுதேன். தலைவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சொல்லி எழுதிய கடிதத்தில் படகு இருந்தது, வலை இருந்தது, வாசப்படி இருந்தது. மகள் இல்லை. ஊருக்காகப் பேசுகிறவர் தன் வீட்டைப் பேசக்கூடாது என்று இருந்துவிட்டார் போல.

"அனுப்புங்க" என்றார். பிறகு உள்ளே வந்து, மனைவி எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கும் ஒண்ணு போடுங்க. தலைவர்னு போடாதீங்க. ஏழுமலைன்னு போடுங்க."

"மாமா, அபராதம்" என்றார் ஜெயக்குமார் மெதுவாக.

"நாந்தானே போடணும். எனக்கு நானே போட்டுக்கறேன். நீயும் வரிக்காரன்தானே, இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கற? குந்து."

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கடைசி மின்னஞ்சல் போனது. மறுநாள் காலை முழு முகத்தோடு இருந்த முனீஸ்வரருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

மூன்று மாதம் கழித்து, கிள்ளானில் என் மகனுடைய கணினியில் அந்த இணையதளத்தைத் திறந்தபோது திருத்திய வரைவு வந்திருந்தது. அட்டவணையில் அந்தக் குப்பத்துக்கு நேராக இருந்த இரண்டு சொற்களைக் காணோம். மீன் உலர்த்தவும் படகு நிறுத்தவும் மீனவர் பயன்பாட்டில் உள்ள இடம் என்று மாற்றியிருந்தார்கள். நடைபாதை சாலை ஓரமாக விலகியிருந்தது. பின்னிணைப்பில் ஆட்சேபம் அனுப்பியவர்களின் பெயர்ப் பட்டியல்.

ஜெயக்குமாருக்குச் செய்தி அனுப்பி, மறுநாள் பதினொரு மணிக்கு எல்லோரையும் கடைக்கு வரச் சொன்னேன். தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் ஒலிபெருக்கியை அழுத்தியதும் ஒரே இரைச்சல்.

"எக்கா, பேரு போட்டுகீறாங்களா? படிங்க, கேப்போம்" என்றாள் மல்லிகா.

படித்தேன். அஞ்சலை என்றேன். "கீறேன்!" என்று ஒரு குரல் கேட்டது. நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள். அடுத்த பெயருக்கும் ஒரு குரல், "கீறேன்." அதன் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் யாராவது பதில் சொன்னார்கள். குப்பம்மாள் மெல்லச் சொன்னார். மல்லிகா கத்தினாள். ஏழுமலை என்று படித்தேன். "கீறேம்மா" என்று அவர் குரல்.

பட்டியல் முடிந்ததும் அவரே கேட்டார். "எங்களுக்குத் தெக்கால ஒரு குப்பம் கீதே, அவங்களுக்கு இன்னா எழுதிகீது?"

பார்த்தேன். காலி இடம் என்றே இருந்தது. பட்டியலில் அந்த ஊர்ப் பெயர்கள் எதுவும் இல்லை. ஊர் சார்பில் என்று ஒரே ஒரு ஆட்சேபம். திருத்திய வரைவுக்கு இன்னும் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த ஊர்த் தலைவரு எனக்கு மச்சான் மொற. நான் போயி பேசறேன். லேசுல ஒத்துக்க மாட்டான்." பிறகு அவர் குரல் மல்லிகா பக்கம் திரும்பியது. "மல்லிகா, நீயும் வா. நான் அவங்கிட்ட பேசிகினு இருக்கசொல்ல, நீ போட்டுக்குப் பின்னால போயி பேசு."